20 கிலோ பிள்ளை, 30 கிலோமீட்டர் தூரம்

மலாக்கா சின்ன மாநிலம். ஒரு முனையில் தெபோங், இன்னொரு முனையில் மெர்லிமாவ். கார் இருந்தால் பசியாறிவிட்டுக் கிளம்பி, இரண்டையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என்று அரசாங்க ஆஸ்பத்திரியே மூன்று இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். இதை வைத்துப் பார்த்தால் நம்மை வசதி குறைந்த ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் அக்காவிடம் கேளுங்கள், வேறு கணக்கு சொல்வாள். அவள் மகனுக்குப் பெருமூளை வாதம். டாக்டர்கள் சிபி என்பார்கள். வயது ஒன்பது, எடை 20 கிலோ. சாய்த்து வைத்தால் உட்காருவான், நிற்க வராது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலாக்கா ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அத்தான் செம்பனை லாரி ஓட்டுகிறார். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கிராப் பிடித்தால் போக வர ஆகும் செலவில் ஒரு வாரத்து மளிகை வாங்கலாம். இவ்வளவும் தாண்டிப் போனால் பிசியோ அறையில் அரை மணி நேரம். அடுத்த தேதி அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ.

தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கக் கூடாது என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 20 கிலோ பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு 30 கிலோமீட்டர் ரொம்பத் தூரம்.

இந்தப் பதிவு அந்த அரை மணி நேரத்தைப் பற்றியதல்ல. அடுத்த தேதி வரும்வரை வீட்டில் கழிகிற நேரத்தைப் பற்றியது. அந்த நேரத்தில் பிள்ளையை எப்படித் தூக்குகிறோம், எப்படி உட்கார வைக்கிறோம், எப்படி ஊட்டுகிறோம் என்பதுதான் அவன் உடம்பைத் தீர்மானிக்கிறது. அதைச் செய்ய எத்தனை கைகள் இருக்கின்றன என்பதும்தான்.

முதலில், என்ன நடந்தது என்று

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் காயத்தால் வருவது சிபி. அந்தக் காயம் கருவிலேயே ஏற்படலாம், பிரசவத்தில் ஏற்படலாம், பிறந்த கொஞ்ச நாளிலும் ஏற்படலாம். மூளையில் உள்ள அந்தக் காயம் நாளாக நாளாகப் பெரிதாவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர, கவனிக்காமல் விட்ட தசையும் மூட்டும் இறுகிக்கொண்டே போகும். குறைமாதப் பிரசவம், பிரசவத்தில் மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், முற்றிப்போன மஞ்சள் காமாலை எல்லாம் காரணமாகலாம். பல பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று கடைசிவரை தெரியாது. கிரகணத்தன்று வெளியே போனதும் யாரோ விட்ட சாபமும் இந்தப் பட்டியலில் இல்லை. உலக அளவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறக்குறைய இரண்டு குழந்தைக்கு வருகிறது. ஏழை நாடுகளில் இன்னும் கூடுதல்.

மஞ்சள் காமாலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்வார்கள். அந்த நொதி குறைவு என்று எழுதிக் கொடுத்த குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை இருக்கவே கூடாது. பாட்டி பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுவது நம் வழக்கம். அந்தச் சேலைக்குள் அந்துருண்டை வாசம் இருக்கும். அது போதும், குழந்தையின் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறிவிடும். ஏறிய மஞ்சள் மூளையைத் தொட்டுவிட்டால் திருப்ப முடியாது. "காலை வெயில்ல காட்டுனா சரியாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். அளவு ஏறிய மஞ்சளுக்கு ஆஸ்பத்திரி நீல விளக்குதான் வைத்தியம். வீட்டுக்கு வரும் மிஸ்ஸி, குழந்தையைக் கிளினிக்குக் கொண்டுவரச் சொன்னால் அன்றைக்கே போங்கள்.

தூக்குவதும் ஊட்டுவதும்

அக்கா மகனுக்கு இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். இப்படிப்பட்ட பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி நேராகப் படுக்க வைத்துத் தூக்கினால் உடம்பு இன்னும் விறைக்கும். இரண்டு காலையும் அகட்டி, இடுப்பில் உட்கார வைத்துத் தூக்கச் சொன்னார் பிசியோ. அக்கா சிரித்துவிட்டாள். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளையைத் தூக்குவதே அப்படித்தானே! கால் அகன்றிருக்கும், முதுகு நிமிரும், கை முன்னால் வரும், தலையைத் திருப்பி நாலு பக்கமும் பார்ப்பான். தனியாகப் பயிற்சி என்று ஒன்று வேண்டாம், அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போகும்போதே பயிற்சி நடந்துவிடுகிறது. பிள்ளை கனம் கூடக்கூட அம்மாவின் இடுப்பு தாங்காது என்பது தனிக் கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊட்டுவதில் மட்டும் நம் பழக்கம் தலைகீழ். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, சங்கில் பாலை விடுவோம். விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்கு இது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் கஞ்சியும் பாலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சாப்பிடும்போது இருமுகிறான், கண்ணில் தண்ணீர் வருகிறது, தொண்டை கரகரக்கிறது, மாதத்துக்கொரு முறை நெஞ்சுச்சளி என்றால் அவன் சாப்பாடு நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

நிமிர்த்தி உட்கார வைத்து, தலை துளி முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நாமும் அவன் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். மேலேயிருந்து கரண்டி வந்தால் தலையை அண்ணாந்துவிடுவான். கீழேயிருந்து, முன்னாலிருந்து வர வேண்டும். சின்னக் கரண்டி, அரைக் கரண்டி அளவு. விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். தண்ணீர் மாதிரி ஓடும் கஞ்சியைவிடக் கெட்டியான கேப்பைக்கூழ் பல பிள்ளைகளுக்கு எளிதாக இறங்கும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஒல்லியாக இருக்கிறானே என்று அளவைக் கூட்டினால் களைத்துப் போவான். அளவை விட்டுவிட்டுச் சத்தைக் கூட்டுங்கள். ஒரு முட்டை, ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய், வறுத்துப் பொடித்த நெத்திலி.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்லதுதான். பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், தோல் கெடாது. ஆனால் நரம்பை இழுத்துச் சரி பண்ணுகிறேன் என்று முரட்டுத்தனமாகக் காலை நீட்டுகிறவரிடம் கொண்டுபோகாதீர்கள். நடக்காத பிள்ளையின் எலும்பில் வலு கம்மி, முறிந்துவிடும். தொட்டிலும் அளவோடுதான். பின்னால் வில்லாக விறைக்கும் பிள்ளைக்குத் துணித்தொட்டில் கொஞ்ச நேரம் ஆறுதல் தரலாம். அழவில்லையே என்று நாள் பூராவும் தொட்டிலில் கிடத்தினால் உடம்பு சுருண்ட நிலையிலேயே இறுகிவிடும்.

அட்டைப்பெட்டி நாற்காலி

உட்காரப் பழகிய பிள்ளைக்குக் கை கிடைக்கும், கண்ணுக்கு உலகம் கிடைக்கும், சாப்பாடும் ஒழுங்காக இறங்கும். அதற்கு அவன் உடம்புக்கென்று அளவெடுத்த நாற்காலி வேண்டும். கடையில் விலை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தோம்.

ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. பழைய அட்டைப்பெட்டி, பழைய காகிதம், மாவுப் பசை, இவ்வளவுதான் மூலப்பொருள். இதை வைத்தே நாற்காலி, மேசை, நிற்க வைக்கும் சட்டம் எல்லாம் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பல ஊர்களில் சிபி பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கை செய்து கொடுத்தார்கள். அத்தானும் நானும் அதைத்தான் செய்து பார்த்தோம்.

மளிகைக்கடையில் கேட்டால் பெட்டிகளைச் சும்மாவே கொடுப்பார்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சினால் பசை. அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். ஒன்றில் வரி நெடுக்காக ஓடினால் அடுத்ததில் குறுக்காக ஓட வேண்டும், அப்போதுதான் பலகை வளையாது. ஒரு விரல் கனம் வந்ததும் பாரம் ஏற்ற வேண்டும். நாங்கள் அரிசி மூட்டையையும் கேஸ் தோம்பையும் தூக்கி வைத்தோம். பிறகு வெயிலில் காய வேண்டும். மலாக்கா வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது என்பதால் காற்றாடியும் ஓடியது. நன்றாகக் காய்ந்தால் தட்டும்போது மரப்பலகை மாதிரி சத்தம் வரும்.

வடிவம் மூலை நாற்காலி. சுவர் மூலை மாதிரி இரண்டு பலகை சேரும் இடத்தில் பிள்ளையின் முதுகு. இரண்டு தோளும் தானாக முன்னால் வரும், கையும் கூடவே வரும். தொடைகளுக்கு நடுவில் சுருட்டிய துண்டு, கால் பின்னிக்கொள்ளாமல் இருக்க. இடுப்பில் அகலமான துணிப்பட்டை. பாதம் தொங்கக் கூடாது, கீழே ஒரு கட்டை. முன்னால் ஒரு தட்டுப்பலகை. மேலே காகிதம் ஒட்டி, காய்ந்த பிறகு இரண்டு கை சாயம் பூசினால் கொட்டிய கஞ்சியைத் துடைத்துவிடலாம். அளவு எடுத்தது பிசியோ. செய்த பிறகு அவரிடம் போட்டோ காட்டினோம், இருக்கையின் ஆழத்தை இரண்டு விரல் குறைக்கச் சொன்னார். யூடியூப் பார்த்து நீங்களே அளவு முடிவு பண்ணாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் விறைப்பும் வேறு.

நாற்காலியில் முதல் வாரம் கத்தினான். பத்து நிமிஷம், பிறகு இருபது நிமிஷம் என்று கூட்டினோம். இப்போது தட்டுப்பலகையில் கரண்டியைத் தட்டி அம்மாவைக் கூப்பிடுகிறான்.

பேச்சு வராத பிள்ளையோடு பேசுவது

சிபி உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பேச்சு வராது. பாதிப்பேருக்கு அறிவு வளர்ச்சியில் தடை இருக்கலாம். மீதிப் பாதிக்கு அது இல்லை. வாய் கோணுகிறது, எச்சில் வடிகிறது என்பதை வைத்து யாரும் அந்தப் பிள்ளைக்கு மார்க் போட முடியாது. மும்பையின் மாலினி சிப் ஒற்றை விரலால் தட்டச்சு செய்துதான் படித்தார், தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். அவருடைய அம்மா மிது அலூர் 1972-இல் தொடங்கிய அமைப்பிலிருந்துதான் இந்தியாவில் இந்தப் பிள்ளைகளுக்கான கல்வி வேர் பிடித்தது. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகரும் அதே வழியில் வந்ததுதான்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல். வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய். சிரமப்பட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. அக்கா ஒரு அட்டை செய்திருக்கிறாள். அதில் வீட்டுப் பொருள்களின் போட்டோக்கள்: அவனுடைய மைலோ கோப்பை, பாத்ரூம் கதவு, பாட்டி, கோயில் மணி. முதல் படம் 'வலிக்குது'. நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு உடம்பில் வலி இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, சொல்லத் தெரியாததால் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம். படத்தின் கீழே தமிழிலும் மலாயிலும் எழுதியிருப்பதால் வகுப்பு ஆசிரியரான சிக்குவும் அதே அட்டையைப் பயன்படுத்துகிறார். ஆமாம் என்றால் மேலே பார்ப்பான், இல்லை என்றால் கண்ணை மூடுவான். கேள்வி கேட்டுவிட்டு நாம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிட்டால் அவன் அடுத்த முறை முயற்சி செய்ய மாட்டான்.

வீட்டால் முடியாதவை

எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டிவிடலாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. வலிப்பு வந்தால் மாத்திரைதான், அதை நாமாக நிறுத்தக் கூடாது. மூன்றில் ஒரு பிள்ளைக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். வெளியில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். நடக்காத பிள்ளைக்கு அந்த ஆபத்து அதிகம். கடைசியாக இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தது என்று டாக்டரைக் கேளுங்கள். சக்கர நாற்காலியும் அப்படித்தான். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த இடங்களுக்கென்றே சக்கர நாற்காலி வழிகாட்டி வெளியிட்டது. ஆளுக்கு அளவெடுத்து, பொருத்திப் பார்த்து, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய ஆள் நாற்காலியில் சின்னப் பிள்ளையைப் போட்டால் முதுகு கோணிவிடும். நன்கொடையாக நாற்காலி கொடுக்கும் கோயில் கமிட்டிகளும் சங்கங்களும் மாலை போட்டுப் போட்டோ எடுப்பதற்கு முன் பிள்ளையின் அளவைக் கேளுங்கள்.

காகிதங்களும் சலுகைகளும்

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. முதல் வேலை மாற்றுத்திறனாளி அட்டையான ஓகேயு கார்டு. டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரத்தோடு சமூக நல இலாகாவான கெபாஜிக்கானில் பதிய வேண்டும். கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டண விலக்கு உண்டு. படுத்த படுக்கையான பிள்ளையைக் கவனிப்பவருக்கான உதவித்தொகை 2021 பட்ஜெட்டில் 350 வெள்ளியிலிருந்து 500 ஆனது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சாதனங்கள் வாங்கவும் உதவி கேட்கலாம். ஆஸ்பத்திரியிலேயே சமூக நல அதிகாரி இருப்பார், பாரம் நிரப்ப அவரிடம் போங்கள். "உங்க பிள்ளைக்கு இது கிடைக்காது" என்று கவுன்டரில் வாயால் சொல்லி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு முறை நடந்தது. எழுத்தில் கேட்டதும் பாரம் வந்துவிட்டது.

அடுத்தது பிடிகே, அதாவது ஊருக்குள்ளேயே நடக்கும் மறுவாழ்வு மையம். 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் 55 பேரோடு தொடங்கியது. இன்று நாடு முழுக்க 500-க்கும் மேல் இருக்கிறது, மலாக்காவின் மூன்று மாவட்டங்களிலும் இருக்கிறது. வர முடியாத பிள்ளையை வீட்டுக்கு வந்து பார்க்கும் முறையும் அதில் உண்டு. இதைக் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். நம்மவர்கள் பலர் அது மலாய்க்காரர்களுக்கானது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பள்ளி விஷயத்தில் 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கொள்கை. சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் கிடையாது, பல பள்ளிகளில் வாசல்படியே முதல் தடையாக நிற்கிறது. பள்ளிக்கு மண்டபமும் அலங்கார வளைவும் கட்டிக் கொடுக்கும் முன்னாள் மாணவர்கள் ஒரு சரிவுப் பாதையும் அகலமான கழிவறைக் கதவும் போட்டுக் கொடுக்கலாம்.

ஆயாக்கொட்டகை போன பிறகு

மலாயாவில் ரப்பர் வியாபாரப் பயிரானதே மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில். அதன் பின்னால்தான் நம் தாத்தா பாட்டிமார் வந்து சேர்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். லயத்தில் பத்து வீடு தள்ளி இருக்கிறவளும் பிள்ளையைத் தூக்குவாள், திட்டுவாள், சோறு ஊட்டுவாள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் பின்கட்டுத் தொட்டிலிலேயே கிடந்து, நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தார்கள். அன்று கை இருந்தது, விவரம் இல்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன, சனங்கள் டவுனுக்கும் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனார்கள். இன்று அம்மாவின் கைப்பேசியில் எல்லா விவரமும் இருக்கிறது. பிள்ளையைப் பத்து நிமிஷம் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மாடியில் வீடு, லிஃப்ட் பழுது என்றால் அன்றைக்கு பிடிகேயும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

ஆள் இல்லாத இந்தக் குறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-லிருந்து அமர் சேவா சங்கம் நடக்கிறது. தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் கைப்பேசிச் செயலியில் பிள்ளையின் நிலையைப் பதிகிறார்கள், நிபுணர்கள் அதைப் பார்த்து வழி சொல்கிறார்கள். பேச்சு முழுக்கத் தமிழ். சின்ன மாநிலமான மலாக்காவில் இது ஏன் முடியாது? பிடிகேயில் வேலைக்கு விண்ணப்பிக்கத் தமிழ்ப் பெண்கள் முன்வரலாம். கோயில் வேன் ஒன்று மாதத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். இந்து சங்கமோ இளைஞர் மணிமன்றமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டை நாற்காலிப் பட்டறை வைத்து, அளவெடுக்க ஒரு பிசியோவை அழைக்கலாம்.

கமிட்டி கூடி முடிவெடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊட்டுவதையும் தூக்குவதையும் அம்மாவைத் தவிர இன்னும் இரண்டு பேர் கற்றுக்கொண்டால் அந்த வீடு மூச்சு விடும். அப்பா ஒருவர், சொந்தத்தில் ஒருவர். அக்கா வீட்டில் அந்த இன்னொரு ஆள் நான். நான் போகும் நாளில் அவள் தூங்குகிறாள், அவ்வளவுதான் அவள் கேட்பது. உங்கள் சொந்தத்தில், உங்கள் தாமானில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கல்யாண வீட்டில் அந்த அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டு "எப்பம்மா நடப்பான்?" என்று கேட்காதீர்கள். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேளுங்கள்.